ஆணிக்கு எழுபது கிலோ

அந்த மரப்பட்டறையில் மாமியார் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. மாமனார் இருந்த காலத்திலேயே கிடையாது. அவர் போன பிறகு கேட்கவே வேண்டாம். லாரியிலிருந்து இறங்கும் மரத்தை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தே எது ஈரம், எது காய்ந்தது என்று பிரித்துவிடுவார். சொன்ன நாளில் வேலையை முடிப்பார். முடித்த வேலையில் ஒட்டுப் போட்ட தடம் இருக்காது. இந்த இரண்டும்தான் அவருடைய பெருமை. "ஒட்டுப் போடுறது துணிக்கு, மரத்துக்கு இல்ல" என்று அவர் சொல்லிச் சொல்லி, பட்டறை ஆட்கள் அத்தனை பேருக்கும் அது மனப்பாடம்.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் ஓர் இஞ்சினியர் மருமகளாக வந்து சேர்ந்தாள். அதுவும் மரக் கட்டுமானத்துக்கென்றே தனியாகப் படித்தவள். வந்த மூன்றாம் மாதமே ஆட்கள் அவளுக்குக் 'கணக்கு' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். கணக்கு வருது என்று யாராவது முணுமுணுத்தால் மற்றவர்கள் அளவுநாடாவைத் தேடுவார்கள். அவளுக்கு இது தெரியும், கோபமும் இல்லை. பட்டப்பெயர் வைக்கிற அளவுக்கு நம்மை நினைக்கிறார்களே, அதுவே பெரிது என்பது அவள் கட்சி. கணவன் பெரிய ரம்பத்தின் அருகே நின்று நின்று பாதிக் காது போனவன். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் வாழ வேண்டிய ஆணுக்கு இதைவிட நல்ல வசதி ஏது.

பட்டறையின் முன்னறையில் ஜன்னலை ஒட்டி ஒரு வரைபட மேசை உண்டு. வாரத்தில் இரண்டு நாள் வெளியிலிருந்து ஓர் இஞ்சினியர் வந்து அதில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டுப் போவார். மருமகளுக்கு அந்த மேசை வேண்டும். மனசுக்குள் வைத்துப் புழுங்குகிற ஆள் இல்லை அவள். நேராகவே போய்க் கேட்டாள். மாமியாரும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னார்:

"முதல்ல ஒரு வேலை செஞ்சு காட்டு. கணக்கும் உன்னுது, கையெழுத்தும் உன்னுது. சொன்ன நாள்ல முடியணும், ஒட்டுன்னு ஒண்ணு கண்ணுல படக்கூடாது. ரெண்டும் நடந்தா மேசை உனக்கு. இல்லேன்னா அவரே வந்துட்டுப் போகட்டும்."

அந்த ஒரு வேலை நூலகத்தில் அமைந்தது. குழந்தைகள் பிரிவில் உயரமான கூடம் ஒன்று சும்மா கிடந்தது. அதன் சுவரோரமாக ஒரு மரப் பரண் கட்டி, மேலே பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கும்படி செய்ய வேண்டும். ஏற மரப்படி, சுற்றிக் கைப்பிடி. பரண் தரையின் ஒரு பக்கத்தை வெளி விளிம்பில் நிற்கும் கால்கள் தாங்கிக்கொள்ளும். மறுபக்கத்துக்குச் சுவரோரம் நிற்கும் தூண்களில் குறுக்கே ஒரு நீளப் பலகையை அடித்து, அதன் மேல் தரைச் சட்டங்களை வைக்க வேண்டும். அந்தத் தாங்கு பலகையைத் தூணில் பிடித்து நிறுத்துவது வெறும் ஆணிதான். பிள்ளைகளின் கனமும் புத்தகத்தின் கனமும் பலகையைக் கீழே இறக்கப் பார்க்கும். ஆணி குறுக்கே நின்று, இறங்காதே என்று சொல்ல வேண்டும்.

எத்தனை ஆணி சொன்னால் பலகை கேட்கும் என்பதுதான் கணக்கு. மரம் எவ்வளவு கெட்டி, ஆணி எவ்வளவு தடிமன், தூணுக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, மூன்றையும் எடுத்துக்கொண்டாள். சுமை ஏறும்போது ஆணியைச் சுற்றியுள்ள மரம் நசுங்கலாம், ஆணியே வளையலாம், இரண்டும் சேர்ந்தும் நடக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்து, எது முதலில் தோற்கிறதோ அதையே அந்த ஆணியின் பலம் என்று எழுத வேண்டும். பிறகு வருடக்கணக்கில் சுமை நின்றால் மரம் தளரும் என்று கொஞ்சம் கழித்து, பாதுகாப்புக்கென்றும் கொஞ்சம் கழித்தாள். கடைசியில் ஓர் ஆணி எழுபது கிலோவைத் தைரியமாகச் சுமக்கும் என்று வந்தது. ஒரு தூணுக்கு வருகிற சுமை ஐந்நூறு கிலோ. எட்டு ஆணி. ஒரே ரேகையில் அடித்தால் மரம் அந்த ரேகையிலேயே பிளக்கும் என்பதால், இரண்டு வரிசையாக, கொஞ்சம் முன்னும் பின்னுமாக.

படத்தைப் பார்த்துக் கொழுந்தன் சிரித்தான். பட்டறை வேலைகளை வெளியே போய்ப் பொருத்துகிற குழுவுக்கு அவன்தான் தலைவன். இடுப்பில் பேட்டரி டிரில் இல்லாமல் அவனைப் பார்க்க முடியாது, தூங்கும்போது கழற்றுகிறானா என்பதே ஆட்களுக்குச் சந்தேகம். இந்தக் காலத்தில் யார் அண்ணி ஆணி அடிப்பார்கள், எல்லாரும் ஸ்குரூவுக்குப் போய்விட்டார்களே என்றான். படத்தில் இருப்பதை அடி என்று சொல்லிவிட்டு அவள் கைப்பிடியின் கணக்குக்குப் போய்விட்டாள். ஒரு முறை சொன்னால் போதும் என்று நினைத்தது அவள் செய்த பிசகு.

சனிக்கிழமை திறப்பு. வியாழக்கிழமை காலை அவள் கடைசியாக ஒரு முறை பார்க்கப் போனாள். பரண் அழகாக நின்றது. படி கிறீச்சென்று ஒரு சத்தம்கூடப் போடவில்லை. பிறகு கீழே வந்து, தூணோரமாகக் குனிந்து தாங்கு பலகையைப் பார்த்தாள். சாம்பல் நிற ஆணித் தலைகள் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக, நடுவில் நட்சத்திரக் குழியோடு ஸ்குரூ தலைகள் வரிசையாக இருந்தன. ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர்கள் ஜிப்சம் பலகைக்கு முடுக்குகிற அதே கறுப்பு ஸ்குரூ. ஒவ்வொரு தூணாகப் பார்த்துக்கொண்டே போனாள். ஒரு தூணில்கூட ஆணி இல்லை.

பரணுக்குக் கீழே நூலகத் தலைவி, பெயர்ப்பலகை எழுதியவரோடு பேசிக்கொண்டிருந்தார். திறப்பன்று பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் மேலே ஏறுவதுதான் நிகழ்ச்சியே என்று அவர் சொல்வது இவள் காதில் விழுந்தது.

மிச்ச வேலைக்காக அங்கேயே இருந்த கொழுந்தனை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டாள். அவன் தரையைப் பார்த்தான், டிரில்லைப் பார்த்தான், தானேதான் மாற்றியதாகச் சொன்னான். ஆணியைவிட இது உறுதி, அதனால்தான் என்றான். பொய் சொல்லத் தெரியாத குடும்பம் அது. அவன் காது நுனி சிவந்துவிட்டது. யாருக்காகவோ மறைக்கிறான் என்று புரிந்தது. யார் சொல்லி மாற்றினால் என்ன, ஸ்குரூ ஸ்குரூதான் என்று அவள் அப்போதைக்கு அதைக் கிளறவில்லை. மிச்சமிருக்கிற ஸ்குரூவில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு வா என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்கு நடந்தாள்.

பட்டறையில் பலகைகளைப் பசை போட்டு ஒட்டும்போது அழுத்திப் பிடிக்க ஓர் இரும்புச் சட்டகம் இருந்தது. மேலே ஜாக்கி, பக்கத்தில் அழுத்தம் காட்டும் முள். நூலகத்தில் போட்ட அதே மரத்தில் இரண்டு துண்டுத் தூண் எடுத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு துண்டுப் பலகையைப் பொருத்தினாள். ஒன்றுக்கு இரண்டு ஆணி, மற்றதற்கு இரண்டு கறுப்பு ஸ்குரூ. மாமியாரை வரச் சொல்லி ஆள் அனுப்பினாள். அவர் வந்தார், பின்னாலேயே ஆட்களும் வந்து நின்றார்கள். பட்டறையில் எதையாவது உடைக்கப் போகிறார்கள் என்றால் யாருக்கு வேலை ஓடும்?

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று ஒரு பேச்சு இருக்கிறதல்லவா. ஜாக்கியின் பிடியில் கை வைக்கும்போது அவளுக்கு அதுதான் நினைவு வந்தது. இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் ஒரு தட்டைக்கூட உடைத்ததில்லை. இன்றைக்குச் சேர்த்து வைத்து உடைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

முதலில் ஆணி. ஜாக்கியை இறக்க இறக்கப் பலகை முனகியது. மெல்லக் கீழே நகர்ந்தது, ஒரு விரல் அகலம் இறங்கியது, ஆணித் தலைகள் சாய்ந்தன. முள் ஏறிக்கொண்டே போனது. பலகை கோணலாகிப் பார்க்கவே பரிதாபமாக இருந்தது, ஆனாலும் விடவில்லை. போதும் என்று அவளே நிறுத்தி, முள் நின்ற இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டாள்.

அடுத்து ஸ்குரூ. ஜாக்கி இறங்கியது, பலகை அசையவே இல்லை. ஒரு முனகல் இல்லை, ஒரு நூல் இறங்கவில்லை. கொழுந்தனுக்கு முகம் மலர்ந்தது. நான் சொன்னேனே என்பதுபோல் ஆட்களைத் திரும்பிப் பார்த்தான். அவன் திரும்பிய அந்த நொடியில் படீரென்று ஒரு சத்தம். பலகை தரையில் கிடந்தது. ஸ்குரூவின் தலை ஒன்று பறந்துபோய்த் தகரக் கூரையில் பட்டு விழுந்தது. முள் இன்னும் சுண்ணாம்புக் கோட்டை எட்டியிருக்கவில்லை.

மாமியார் குனிந்து உடைந்த ஸ்குரூவை எடுத்து, வெட்டுப்பட்ட முகத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார்.

மருமகள் எல்லாருக்கும் கேட்கும்படி, ஆனால் குரலை உயர்த்தாமல் விளக்கினாள். இந்த ஸ்குரூவைக் கெட்டியாவதற்காகச் சூடேற்றிப் பதப்படுத்தியிருக்கிறார்கள். அதனால் வளையத் தெரியாது, முறியத்தான் தெரியும். மரைக்கு நடுவே உள்ள தண்டும் ஒல்லி. எட்டு ஆணியில் ஒன்றுக்குக் கூடுதலாகச் சுமை வந்தால் அது கொஞ்சம் வளைந்து பக்கத்து ஆணிக்குத் தள்ளிவிடும். எட்டும் பங்கு போட்டுக்கொள்ளும். பரண் முனகும், சாயும், இறங்குங்கள் என்று நமக்குச் சொல்லும். ஸ்குரூ அப்படிச் சொல்லாது. ஒன்று முறிந்தால் அதன் சுமை முழுசாக அடுத்ததன் தலையில் விழும், அதுவும் முறியும், வரிசையாகப் போய்விடும். பரணில் பிள்ளைகள் இருப்பார்கள்.

சொல்லி முடித்துவிட்டுக் கொழுந்தனைப் பார்த்தாள். மாமியார் அவனைப் பார்க்காமலே சொன்னார்:

"அவனைப் பார்க்காத. மாத்தச் சொன்னது நான்."

ஆட்கள் ஒவ்வொருவராக வேலை ஞாபகம் வந்து கலைந்தார்கள். மாமியார் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னார். படத்தில் எட்டே எட்டு ஆணி என்று பார்த்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை. மருமகளின் முதல் வேலை, நாலு பேர் பார்க்கிற இடம், பேர் கெட்டுவிடக் கூடாது. ஒரு கட்டையில் ஆணி ஒன்றும் ஸ்குரூ ஒன்றும் வைத்து, கடப்பாரையால் தன் கையாலேயே பிடுங்கிப் பார்த்திருக்கிறார். ஆணி வந்துவிட்டது, ஸ்குரூ அசையவில்லை. அதனால் மாற்றச் சொன்னார். சொன்னால் இவள் மறுபடியும் முதலிலிருந்து கணக்குப் போட உட்கார்ந்துவிடுவாள், நாள் தள்ளிப்போகும் என்று பயந்து அவளிடம் மறைத்துவிட்டார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை.

மருமகளுக்குக் கோபம் வந்த வேகத்திலேயே இறங்கியது. தனக்காகக் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு நின்ற அந்த அம்மாளை நினைத்தபோது கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

"நீங்க பார்த்தது தப்பில்ல அத்தை. பிடுங்கினா ஸ்குரூதான் ஜெயிக்கும். ஆனா அந்தப் பலகையை யாரும் பிடுங்கப் போறதில்லையே. அது கீழ இறங்கத்தான் பார்க்கும்."

மாமியார் தலையை ஆட்டினார். இனி என்ன செய்வது என்று கேட்டார். துளை விழுந்த பலகையிலேயே ஆணியும் அடித்தால் அது பிளந்துவிடும் என்பதால் இரண்டு வழிதான் இருந்தது. தரையைப் பிரித்து, ஸ்குரூ துளை விழுந்த பலகையைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுப் பலகை போடலாம். ஒரு வாரம் ஆகும், திறப்பு தள்ளிப்போகும். அல்லது எதையும் பிரிக்காமல், ஒவ்வொரு தூணிலும் தாங்கு பலகைக்குக் கீழே இறுக்கமாக ஓரடி நீளக் கட்டை ஒன்றை வைத்து, அதைத் தூணில் எட்டு ஆணியால் அடிக்கலாம். பலகை கட்டையில் உட்காரும். ஸ்குரூ முறிந்தாலும் கவலை இல்லை. ஒரே நாளில் முடியும். ஆனால் பரணுக்குக் கீழே நிற்கிற ஒவ்வொருவர் கண்ணுக்கும் அந்தக் கட்டைகள் தெரியும்.

"ஒட்டு," என்றார் மாமியார்.

"ஒட்டுதான்."

நாள் தவறினாலும் மேசை போச்சு, ஒட்டுத் தெரிந்தாலும் மேசை போச்சு. இது இருவருக்கும் தெரியும். மாமியார், சனிக்கிழமை மட்டும் அப்படியே திறந்துவிட்டு, பிள்ளைகளைப் பத்துப் பத்துப் பேராக ஏற்றி இறக்கிவிட்டு, அடுத்த வாரம் நிதானமாகப் பிரித்து மாற்றினால் என்ன என்று கேட்டார். கேட்கும்போதே அவர் குரலில் வழக்கமான கெட்டி இல்லை. நாற்பது வருடப் பெருமையைக் காப்பாற்ற ஓர் ஓட்டை கிடைக்காதா என்று தேடுகிற குரல் அது.

மருமகள் யோசிக்கவே இல்லை. "மேசை போனாப் போகட்டும் அத்தை. அந்தப் பரணுக்குக் கையெழுத்துப் போட்டது நான். இந்த ஸ்குரூவை நம்பி ஒரு பிள்ளையைக்கூட நான் ஏத்த மாட்டேன். நாளைக்குக் கட்டை அடிக்கப் போறேன்."

மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார். அன்று முழுக்க வீட்டில் பேச்சு, தேவைக்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. எல்லாம் நன்றாகத்தானே போகிறது என்று கணவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை, கட்டைக்கு எந்த மரத்தை எடுப்பது என்று யோசித்துக்கொண்டே அவள் பட்டறைக்கு வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். தூணுக்கு ஒன்றாக, நன்றாகக் காய்ந்த மரத்தில், ஓரடிக் கட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன. முகம் இழைத்து, கீழ் விளிம்பைச் சரிவாகச் சீவி, தூணின் நிறத்துக்கே மெருகும் போட்டிருந்தது. பக்கத்தில் மாமியார் சீவுளியைத் துடைத்துக்கொண்டிருந்தார்; சேலையெல்லாம் மரச்சுருள்.

"ஒட்டுன்னு எப்படியும் தெரியத்தான் போகுது. நல்ல ஒட்டாத் தெரியட்டும்," என்றார். பிறகு, ஆணி எந்தெந்த இடத்தில் வரும் என்று பென்சிலால் குறித்துக் கொடு என்று கையை நீட்டினார்.

அன்று டிரில் பட்டறையிலேயே கிடந்தது. கொழுந்தன் சுத்தியலைப் பிடித்தான். ஐந்தாவது தூணுக்கு வருவதற்குள் பழைய கை திரும்பிவிட்டது, ஆறாவதில் விசிலடிக்க ஆரம்பித்தான். கட்டைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு காகிதம்கூட நுழையக் கூடாது என்று மருமகள் ஒவ்வொன்றையும் கீழிருந்து தட்டி ஏற்றிய பிறகே ஆணி அடிக்க விட்டாள். எல்லாம் முடிந்ததும், நூலகத் தலைவியிடம் கேட்டு, அடுக்கில் ஏறாமல் கிடந்த புத்தகப் பெட்டிகளை எல்லாம் பரணில் ஏற்றினார்கள். கணக்கில் எழுதிய சுமை வரும்வரை ஏற்றினார்கள். பாதியில் சுவரோரமாக ஒரு டக் சத்தம் கேட்டது. மாமியார் மருமகளின் தோளைப் பிடித்துவிட்டார். முறிந்தது ஒரு ஸ்குரூவாக இருக்கும், அது போகட்டும், கட்டை அசைந்ததா பாருங்கள் என்று அவள் சொன்னாள். தூணில் போட்டிருந்த பென்சில் கோட்டைவிட்டுக் கட்டை மயிரிழைகூட இறங்கவில்லை. மாமியார் பிடித்த தோளை விட மறந்துபோனார்.

சனிக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. பிள்ளைகள் படியின் கீழே வரிசையாகத் தள்ளிக்கொண்டு நின்றார்கள். நூலகத் தலைவி விருந்தினர்களைக் கூட்டிக்கொண்டு பரணைச் சுற்றிக் காட்டியவர், தூணோரமாக வந்ததும் நின்றார். படத்தில் இந்தக் கட்டைகள் இல்லையே, அழகுக்காகப் பிறகு சேர்த்ததா என்று கேட்டார். பார்க்கவும் அப்படித்தான் இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அத்தோடு முடிந்தது.

மருமகள் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முன்னால் வந்தார்.

"அழகுக்கு இல்லைங்க, அது ஒட்டு. என் பட்டறையில நான் போட்ட முதல் ஒட்டு. இவ கணக்கு முதல்லயே சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் குறுக்க புகுந்து கெடுத்தேன், இவ கண்டுபிடிச்சு நிமித்தினா." மருமகளைத் திரும்பிப் பார்த்தார். "மாமியார் உடைச்சா மண்குடம்னு சொல்லுவாங்க. நான் உடைச்சது பொன்குடம்தான்."

நூலகத் தலைவிக்குப் பாதிதான் புரிந்திருக்கும். அவர் கட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளைகளை ஏறச் சொன்னார். பரண் முழுக்கக் காலடிச் சத்தம் இடி மாதிரி இறங்கியது. மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. தூணைச் சோதிக்கிற மாதிரி திரும்பி நின்றுகொண்டாள். இத்தனை பேர் முன்னால் அந்த வாய் அப்படிச் சொல்லும் என்று அவள் எந்தக் கணக்கிலும் எழுதியிருக்கவில்லை.

மாமியார் பக்கத்தில் வந்து நின்று, அவளோடு சேர்ந்து மேலே அண்ணாந்து பார்த்தார்.

"திங்கக்கிழமையில இருந்து அந்த மேசையில நீ உட்காரு. ஒரு கால் ஆடுது, எத்தனை ஆணின்னு சொல்லு. இந்த வாட்டி நான் மாத்த மாட்டேன்."

"ரெண்டு போதும் அத்தை," என்றாள் மருமகள். மாமியாருக்கு அது குறைவாகத்தான் பட்டது; ஆனாலும் சரி என்றார்.